சுழலும் பந்தி

ஒசாகா நகரத்தின் தோத்தோன்போரி வாய்க்கால் ஓரமாக நடப்பவர்கள், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அங்கியும் வட்டக் கண்ணாடியும் தரித்த ஒரு கோமாளி, தலையை அசைத்துக்கொண்டு தன் கழுத்தில் தொங்கும் முரசை ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவன் மனிதன் அல்லன், யந்திரப் பொம்மை. 1950ஆம் வருஷத்தில் ஓர் உணவு விடுதியின் வாசலில் விருந்தினரை அழைப்பதற்கென்று நிறுத்தப்பட்ட இப்பொம்மை, தன்னை நிறுத்திய விடுதியே 2008இல் கதவை மூடிவிட்ட பிறகும், ஊர் ஜனங்களுக்கு அதைப் பிரிய மனம் வராத காரணத்தால், மறு வருஷமே அதே தெருவுக்குத் திரும்பி வந்து தன் உத்தியோகத்தைத் தொடர்கிறது. சமையலறை போய்விட்டது, அழைப்பு மாத்திரம் நிற்கவில்லை.

சோற்றுக்கும் யந்திரத்துக்கும் இப்படியொரு சிநேகம் அந்த நகரத்தில் உண்டானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பல மாகாணங்களின் அரிசியும் ஒரு காலத்தில் ஒசாகாவின் களஞ்சியங்களில் வந்து குவிந்ததால் அதற்குத் தேசத்தின் அடுக்களை என்ற பட்டம் ஏற்பட்டது. கியோட்டோக்காரன் உடுத்துக் கெடுவான், ஒசாகாக்காரன் உண்டு கெடுவான் என்று ஜப்பானியர் பரிகாசமும் செய்வார்கள். உண்பதில் ஆசையும் காசில் கண்ணும் உள்ள வியாபாரிகளின் ஊர் அது. இவ்விரண்டையும் ஒருங்கே திருப்தி செய்ய வேண்டுமென்றால் யாராவது மூளையைக் கசக்கியே ஆக வேண்டும் அல்லவா? அப்படிக் கசக்கியவர் யோஷியாக்கி ஷிராயிஷி என்ற சிறு கடைக்காரர்.

அவர் விற்றது சுஷி. காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்த சோற்றைக் கைக்குள் அடங்கும் உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் பச்சை மீனின் மெல்லிய துண்டத்தை வைத்துக் கொடுக்கும் பண்டம் அது. பேர் பெற்ற கடைகளில் சுஷி பிடிப்பவர் வருஷக்கணக்காகக் குருவிடம் பயின்ற வித்வானாக இருப்பார். விருந்தினர் அவருக்கு எதிரே அமர்ந்து, அவர் மனம் கோணாமல் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கித் தின்பார். விலை அன்றைய மீன் சந்தையைப் பொறுத்தது என்பதால், பல கடைகளில் அது எழுதியும் இராது. மாதச் சம்பளக்காரனுக்கு எழுந்து போகும்போதுதான் தான் எவ்வளவு தின்றோம் என்பது தெரியவரும்.

ஷிராயிஷியின் வாடிக்கைக்காரர்களோ அந்த வகையினர் அல்லர். நகரத்தின் கிழக்கே, சிறு பட்டறைகள் நெருங்கிய ஃபுஸே என்ற பகுதியில், நின்றபடியே தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பும் தொழிலாளிகளுக்கு அவர் மலிவாகச் சுஷி விற்றார். மலிவென்றால் கூட்டம் வரும்; கூட்டம் வந்தால் பிடிக்கவும் பரிமாறவும் ஆள் வேண்டும்; ஆளை வைத்தால் மலிவு போய்விடும். இந்தச் சுழலில் அகப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்த அவர், ஒரு சமயம் அசாஹி பீர் ஆலையைப் பார்க்கப் போனவிடத்தில், புட்டிகள் யாரும் தூக்காமலே வரிசை வரிசையாக நகரும் பெல்ட்டின்மேல் ஊர்ந்து செல்வதைக் கண்டார். புட்டி ஊர்ந்தால் தட்டு ஊராதா என்று நினைத்ததுதான் விதை.

ஆனால் நினைத்த மாத்திரத்தில் அது முளைத்துவிடவில்லை. ஆலையில் பெல்ட் நேராகப் போகும். கடையிலோ அது சமையற்காரனைச் சுற்றி வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். கோயில் தேர் நேர் வீதியில் கம்பீரமாக ஓடிவந்து முக்குத் திரும்பும்போதுதான் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு உயிர் போகிறது என்பது நமக்குத் தெரிந்த சங்கதி. ஷிராயிஷிக்கும் முக்கில்தான் உயிர் போயிற்று. ஒரே நாடாவாக உள்ள பெல்ட்டை மட்டமாக வளைத்தால் வளைவின் உள்விளிம்பு சுருங்கும், வெளிவிளிம்பு இழுபடும். தட்டுகள் மோதி நழுவும். அவர் கண்ட உபாயம், சீட்டாடுகிறவர் கையில் சீட்டுகளை விசிறி போல விரிப்பதை ஒத்தது. ஒரே நாடாவுக்குப் பதிலாக, பிறை வடிவத்தில் வெட்டிய சிறு தகடுகளை அடுத்தடுத்து அமைத்து, அவற்றை அடியில் ஓடும் சங்கிலியோடு பிணைத்தார். நேரில் அவை சேர்ந்து ஒரே பலகையாகத் தோன்றும். வளைவு வந்ததும் ஒன்றின் பிறைக்குழிவுக்குள் மற்றொன்றின் பிறைமுதுகு இடைவெளி விழாமல் திரும்பிக்கொள்ளும். ஒரு மோட்டாரும் பற்சக்கரமும் சங்கிலியை இழுத்தால் போதும்.

அடுத்த பிரச்சினை வேகம். மெதுவாகப் போனால் பசித்தவன் பொறுமை இழப்பான். விரைவாகப் போனால் தட்டைப் பிடிக்கத் துரத்த வேண்டியிருக்கும், மீனும் காற்றில் உலர்ந்துவிடும். செய்து பார்த்துச் செய்து பார்த்து அவர் முடிவு கட்டிய வேகம் வினாடிக்கு 8 சென்டிமீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 5 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலான கடைகளில் பெல்ட் பிரதட்சிணமாக, வலமாகவே சுற்றுகிறது. வலக்கையில் உண்ணும் குச்சிகளைப் பிடித்திருப்பவர் இடக்கையால் தட்டை எடுக்க அதுவே வசதி என்று காரணம் சொல்கிறார்கள்.

1958இல் ஃபுஸேயில் ‘சுழலும் கென்ரோகு சுஷி’ திறக்கப்பட்டது. அதன் பின்னால் வளர்ந்த சம்பிரதாயங்கள் எல்லாம், பரிமாறுபவர் செய்து வந்த வேலையை ஒவ்வொன்றாக யந்திரத்துக்கும் விருந்தினருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தவையே. தேநீருக்கு ஒவ்வோர் ஆசனத்தின் முன்னும் வெந்நீர்க் குழாய்; இஞ்சி ஊறுகாய்க்கு மேஜைமேல் ஒரு டப்பா; கணக்குக்குத் தட்டின் நிறம். நிறத்துக்கு ஒரு விலை, தின்ற தட்டுகளை அடுக்கி வைத்தால் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். பெல்ட்டைவிட இந்த நிறத்தட்டே பெரிய புரட்சி என்பது என் அபிப்பிராயம். வித்வானின் முகத்தைப் பார்த்துக் கூசிக்கொண்டிருந்த ஏழை, தன் சட்டைப்பையைத் தானே எண்ணிக்கொண்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டும் சுதந்திரத்தை அதன் மூலமாகத்தான் அடைந்தான்.

1970இல் ஒசாகாவை அடுத்த சுயித்தாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் சுமார் 6 கோடியே 40 லட்சம் பேர். அங்கும் ஷிராயிஷியின் பெல்ட் சுற்றியதால் அதன் கீர்த்தி தேசமெங்கும் பரவியது. அவருடைய காப்புரிமைக் காலம் 1970களின் பிற்பகுதியில் தீர்ந்ததும் போட்டிக்காரர்கள் முளைத்தார்கள். 1981இல் சோற்று உருண்டையைப் பிடிக்கவும் ஒரு யந்திரம் வந்து, வித்வானின் கைக்கும் விடுதலை கொடுத்துவிட்டது. இப்பொழுதோ ஒரு பெரிய விடுதிக் குழுமத்தின் மேஜைகளில், காலித் தட்டுகளை ஒரு துவாரத்தில் போட்டால் நீரோட்டம் அவற்றை அடித்துச் சென்று எண்ணிக்கொள்கிறது; ஐந்து தட்டுக்கு ஒரு முறை திரையில் ஒரு விளையாட்டு ஓடுகிறது, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பொம்மையும் விழுகிறது. குழந்தைகள் நாலாவது தட்டோடு வயிறு நிறைந்தாலும் ஐந்தாவதைக் கேட்பதன் சூட்சுமம் இதுதான். 2023இல் ஒரு கடையில் ஒரு வாலிபன் சுஷியில் எச்சிலைத் தடவும் படம் வெளியானதன் பின், பல விடுதிகள் சுற்றி வரும் பெல்ட்டை நிறுத்தி, கேட்ட தட்டை மாத்திரம் கேட்டவர் இடத்துக்கு நேரே அனுப்பும் பாதைக்கு மாறிவிட்டன.

தின்றாயிற்று, கடைசி ரயிலும் போய்விட்டது. தூங்குவதற்கும் இந்நகரம் யந்திர சாலையின் புத்தியைத்தான் பிரயோகித்தது. அதே பொருட்காட்சியில், மனிதனை ஒரு பெட்டிக்குள் வாழவைக்கலாம் என்று காட்டியவர்களுள் கட்டடச் சிற்பி கிஷோ குரோகாவாவும் ஒருவர். ரயில் தவறியவர்கள் தன் நீராவிக் குளியலகத்தின் நாற்காலிகளில் சுருண்டு கிடப்பதைக் கண்ட ஒசாகா நிறுவனம் ஒன்று அவரை அணுக, 1979இல் உமேதா பகுதியில் உலகத்தின் முதல் கூண்டு விடுதி எழுந்தது. 2 மீட்டர் நீளம், சுமார் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். பிளாஸ்டிக்கினால் வார்த்த இக்கூண்டுகள், ரயிலின் படுக்கைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. எழுந்து நிற்க முடியாது. கதவுக்குப் பதில் ஒரு திரை. ஆனால் படுத்தபடியே கை நீட்டினால் விளக்கு, காற்று, வானொலி, விழிப்பு மணி, தொலைக்காட்சி என்று எல்லாவற்றுக்கும் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. மேலடுக்கில் படுத்திருப்பவரின் குறட்டைக்குத்தான் பொத்தான் வைக்கவில்லை.