செல்ஃப் எடுக்காத டெம்போ! பேட்டரி கடைக்கு ஓடாதீர்!!

கோவை—

"செல்ஃப் எடுக்கலீங்க!"

கிணத்துக்கடவில் தக்காளி ஏற்றி கோவை மார்க்கெட்டுக்குக் கிளம்பும் பழைய மெட்டடார், பிக்கப் டிரைவர்களின் விடியற்காலைப் புலம்பல் இது. ஒரு மணி நேரம் பிந்தினால் தக்காளி விலை போச்சு!

அவசரத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டி புது பேட்டரி வாங்குகிறார்கள். அப்புறமும் வண்டி அசையாது. பாவம், கோளாறு வேறு இடத்தில்!

ஹெட்லைட்டைப் போட்டு சாவியைத் திருப்ப வேண்டும். லைட் மங்கி 'டக் டக்' என்றால் கரண்ட் போதவில்லை. பேட்டரி டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறதா? பீடியை அணைத்துவிட்டு (பேட்டரி வாயு தீப்பிடிக்கும்), எர்த் ஒயரை முதலில் கழற்றி, வெந்நீரில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பல வண்டிகள் கிளம்பிவிடும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். அதை யாரும் குனிந்து பார்ப்பதே இல்லை!

மீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா நிற்கையில் 12.6 காட்டும். செல்ஃப் அடிக்கையில் பேட்டரியில் 11 நின்று, செல்ஃப் மோட்டாரில் 8 தான் என்றால் குற்றவாளி ஒயர்! பேட்டரியிலேயே 9-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகம்.

லைட் மங்காமல் ஒரே ஒரு 'டக்'? சொலினாய்டு, அல்லது செல்ஃப் மோட்டாரில் தேய்ந்த கார்பன் பிரஷ்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லையா? டீசல் லைனில் ஏர்! ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் வரும்வரை ஹேண்ட் பம்ப்பை அடிக்க வேண்டும்.

லோடோடு சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது விபரீதம். எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டருக்கு வேகுவம் கிடைக்காது. பெடல் கல்லாக நிற்கும்!