காமாலை இறங்கியது, கிருமி போனதா?

ஆவுடையார்கோவில் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளித்தால், ஊர் சொல்லும் முதல் மருந்து கீழாநெல்லி. அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பார்கள், பத்தியம் இருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு மஞ்சள் இறங்கியும் விடும். அத்தோடு ரத்தப் பரிசோதனையை மறந்துவிடுவதில்தான் சிக்கல்.

காமாலை நோயல்ல, கல்லீரல் பாதிப்பின் அறிகுறி. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து. ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியே வருபவை. மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். ஆனால் நிறைமாத கர்ப்பிணிக்கு ஈ வகை உயிருக்கே ஆபத்து. பி, சி இரண்டும் ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவம் வழியே தொற்றும். கண் மஞ்சளிக்காமலே பல ஆண்டுகள் உடலில் தங்கி, கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடும்.

கீழாநெல்லி ஆய்வு சொன்னது

ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பர்க். அவரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்த அவர்களது ஆய்வில், 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் பி வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, உறுதியான சான்று இல்லை என்றது.

தியாகராஜன் குழுவும் கண்ணின் மஞ்சளைப் பார்த்து முடிவு சொல்லவில்லை. ரத்தத்தைச் சோதித்தே சொன்னது. நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

உங்களுக்கு உள்ள உரிமைகள்

* 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பி, சி வகைகளுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்தலாம். பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.
* கர்ப்பிணிக்கு பி வகைப் பரிசோதனை. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் இலவசத் தடுப்பூசி. பிறக்கும்போதே தொற்றினால் 100-க்கு 90 குழந்தைகள் வரை அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடும்.
* ஏற்றப்படும் ரத்தம் பி, சி சோதனை முடிந்ததா என்று கேட்கலாம். ஊசி போடும்போதும், காது குத்தும்போதும், கோயிலில் முடி இறக்கும்போதும் புது ஊசி, புது பிளேடு கேளுங்கள்.
* பரிசோதனை முடிவு ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். கிருமி இருப்பதைக் காட்டி சிகிச்சை மறுக்கக் கூடாது. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொடுவதாலோ பி, சி பரவாது. நோயாளியை ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை.

மறுத்தால், ஏமாற்றினால்

அரசு மருத்துவமனையில் மறுத்தால் கண்காணிப்பாளரிடமோ மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமோ எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனையின் அலட்சியத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

காமாலையைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்து மருந்து விற்பவர்கள் மேல் மருந்து ஆய்வாளரிடம் புகார் தரலாம். மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை அத்தகைய உத்தரவாதத்தைத் தடை செய்கிறது. கையில் சூடு வைக்கும் வைத்தியத்தை அறவே தவிருங்கள்.

குழப்பமான பேச்சு, ரத்த வாந்தி, வயிற்று வீக்கம், கர்ப்பத்தில் காமாலை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மற்றவர்கள், வீட்டில் யாருக்காவது பி வகை இருந்தால் எல்லோரும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். விவரம் கேட்க 104.