ஒரே கம்பியில் பல வீதிகள்

மதுரை வீதிகளால் அமைந்த நகர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் இந்நகரைச் சுற்றி வருகையில், மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, அறுவை வீதி, கூல வீதி எனத் தனித்தனி வீதிகளைக் காண்கிறான். அறுவை என்பது துணி. கூலம் என்பது தானியம். இன்றும் திருக்கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என வீதிகள் அடுக்கடுக்காய் அமைந்திருக்கக் காண்கிறோம். நகர் ஒன்றுதான்; எனினும் கூலக் கடையின் கூச்சல் பொற்கடையின் கணக்கைக் குலைப்பதில்லை. இவ்வாறு ஒன்றைப் பலவாகப் பகுத்து ஒழுங்கு செய்யும் அறிவே இன்று கணிப்பொறி வலையமைப்பிலும் பயன்படுகிறது. அதனை ‘வி-லேன்’ என்பர். மெய்நிகர் உள்வலை எனத் தமிழில் கூறலாம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்ற வினா எழலாம். மாணவர்தம் மதிப்பெண், கட்டணக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், நூலகப் பதிவு ஆகிய யாவும் இன்று கல்லூரியின் கம்பிகள் வழியே செல்கின்றன. அவை உரியவரிடம் மட்டுமே சென்று சேர்கின்றனவா என்று அறிதல் கணிப்பொறித் துறையினர்க்கு மட்டும் உரிய கவலை அன்று.

ஒரு சேர்க்கை நாளில்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பணியில் நாம் துணைநின்றோம். உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களிலிருந்து பெற்றோர் பலர் அன்றைய கூலியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வந்து வரிசையில் நின்றனர். முற்பகலில் அலுவலகக் கணிப்பொறிகள் அனைத்தும் திடீரென உறைந்தன. இணைய நிறுவனத்தின் பழுது என்றே முதலில் எண்ணினோம். பிற்பகலில்தான் உண்மை விளங்கிற்று. விடுதியில் யாரோ, தரையில் கிடந்த கம்பியின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்ச்சின் இரு வாயில்களில் செருகியிருந்தனர். எங்கோ ஓர் அறையில் நேர்ந்த சிறு பிழை கல்லூரி முழுவதையும் நிறுத்திவிட்டது. கடைசிப் பேருந்தை எண்ணி, சேர்க்கை முடியாமலே மகளை அழைத்துக்கொண்டு திரும்பிய தந்தை ஒருவரின் முகம் இன்றும் நம் நினைவில் உள்ளது. மறுநாளும் அவர் ஒரு நாள் கூலியை இழந்தே வந்தார்.

விடுதியின் பிழை அலுவலகத்தை ஏன் தாக்கியது? இதனை அறிய ஸ்விட்ச், ரூட்டர் என்னும் இரு கருவிகளின் தொழிலை அறிதல் வேண்டும்.

இரு கருவிகள்

ஸ்விட்ச் என்பது பல வாயில்களை உடைய பெட்டி. ஒவ்வொரு வாயிலையும் ‘போர்ட்’ என்பர். எந்த வாயிலில் எந்தக் கணிப்பொறி உள்ளது என்பதை ஸ்விட்ச் கற்று வைத்துக்கொண்டு, செய்தியை உரிய வாயிலுக்கு மட்டும் அனுப்பும். ஆனால் சில செய்திகள் தண்டோராவைப் போன்றவை. “இந்த முகவரி உடையவர் யார்?” என்று ஒரு கணிப்பொறி கேட்டால், அக்கேள்வி எல்லா வாயில்களுக்கும் செல்லும். இதனைப் பொதுஅறிவிப்பு எனலாம். இச்செய்திக்கு ஆயுள் வரையறை இல்லை. கம்பி வளையமாக இணைந்துவிட்டால் அறிவிப்பு சுற்றிச் சுற்றி ஓடி, பெருகி, பிற செய்திகளுக்கு வழியின்றி அடைத்துவிடும். அன்று நேர்ந்தது இதுவே.

ரூட்டரின் தொழில் வேறு. அது ஒரு வலையையும் மற்றொரு வலையையும் இணைக்கும் எல்லை வாயில். தண்டோரா அதனைக் கடந்து செல்லாது. முகவரி குறித்து வரும் செய்தியை மட்டும், அனுமதி உண்டெனில், அப்பால் அனுப்பும். திசைவி என்னும் தமிழ்ப்பெயர் அதற்குப் பொருத்தமானதே.

வீதிகளைப் பகுத்தல்

அலுவலகம், ஆய்வகம், விடுதி ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஸ்விட்ச்சும் கம்பியும் போட்டால் சிக்கல் தீரும்; செலவு பெருகும். இருக்கும் கம்பியிலேயே பிரிவினை செய்யும் வழியை 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுக்கூடத்தில் டேவிட் சின்கோஸ்கி ஆராய்ந்தார். பின்னர் 1998இல் 802.1கியூ என்னும் பொதுத்தரம் வெளியாயிற்று. இதன்படி ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் தலைப்பிலும் 4 பைட் அளவுள்ள சீட்டு ஒன்று சேர்க்கப்படும். அச்சீட்டில் 12 பிட் இடம் வீதி எண்ணுக்கு உரியது. 12 பிட்டில் 4096 எண்கள் அமையும். முதலும் இறுதியும் ஒதுக்கப்பட்டமையால் 1 முதல் 4094 வரையுள்ள எண்களை நாம் பயன்படுத்தலாம். ஒரு கல்லூரிக்கு நான்கைந்து எண்களே போதும்.

எடுத்துக்காட்டாக அலுவலகத்துக்கு 10, ஆய்வகத்துக்கு 20, விடுதிக்கு 30, விருந்தினர் வை-ஃபைக்கு 40 என்று கொள்வோம். 30ஆம் வீதியின் தண்டோரா 30ஆம் வீதியில் மட்டுமே ஒலிக்கும். ஒரே பெட்டியில் அருகருகே உள்ள இரு வாயில்கள்கூட வேறு வேறு வீதியினவாயின் நேரே பேசிக்கொள்ள இயலாது.

வாயில்களை அமைக்கும் முறை

ஸ்விட்ச்சின் வாயில்கள் இரு வகைப்படும். ஒன்று வீட்டு வாயில். இதனை ‘ஆக்சஸ் போர்ட்’ என்பர். இது ஒரே வீதிக்கு உரியது. இதில் கணிப்பொறியோ அச்சுப்பொறியோ இணையும். வீதிச் சீட்டைப் பற்றி அக்கணிப்பொறிக்கு எதுவும் தெரியாது. சீட்டு ஒட்டுவதும் நீக்குவதும் ஸ்விட்ச்சின் பணி. மற்றொன்று பெருவழி வாயில். இதனை ‘டிரங்க் போர்ட்’ என்பர். இரு ஸ்விட்ச்களுக்கு இடையிலும், ஸ்விட்ச்சுக்கும் ரூட்டருக்கும் இடையிலும் அமைவது இது. பல வீதிகளின் செய்திகள் தத்தம் சீட்டோடு இதன் வழியே ஒரே கம்பியில் செல்லும். 24 வாயில் உள்ள பெட்டியில் 1 முதல் 8 வரை அலுவலகத்துக்கும், 9 முதல் 20 வரை ஆய்வகத்துக்கும் தந்து, 24ஆம் வாயிலைப் பெருவழியாக அமைக்கலாம். பயன்படாத வாயில்களை மூடிவைத்தல் நலம்.

அடுத்து ரூட்டர். பெருவழிக் கம்பி வந்து சேரும் வாயிலில் ஒவ்வொரு வீதிக்கும் ஒரு துணைவாயிலை ரூட்டரில் உண்டாக்க வேண்டும். அலுவலகத்துக்கு 192.168.10.1, விடுதிக்கு 192.168.30.1 என முகவரி தந்தால், வீதி எண்ணும் முகவரியும் ஒத்திருந்து நினைவுக்கு எளிதாகும். பின்னரே விதிகளை எழுதுதல் வேண்டும். விடுதியிலிருந்து இணையத்துக்குச் செல்லலாம், அலுவலகத்துக்குச் செல்லலாகாது. விருந்தினர் வேறெங்கும் செல்லலாகாது. இவ்விதிகளை எழுதாவிடில் ரூட்டர் வீதிகளை இணைத்தே வைக்கும். பிரிவினை பெயரளவில் நிற்கும்.

பழகாதோர் தவறும் இடங்கள் மூன்று. முதலாவது, எல்லா வாயில்களும் தொடக்கத்தில் 1ஆம் வீதியிலேயே இருக்கும். அதனை அவ்வாறே விட்டுவிடுவது. இரண்டாவது, தொலைவிலுள்ள ஸ்விட்ச்சை முதலில் மாற்றாமல் அருகிலுள்ளதை மாற்றித் தாம் செல்லும் வழியைத் தாமே அடைத்துக்கொள்வது. மூன்றாவது, செய்த மாற்றத்தைச் சேமிக்காமல் விடுவது. பல கருவிகளில் நடப்பு அமைப்பு வேறு, நிலையான அமைப்பு வேறு. சேமிக்காவிடில் ஒருமுறை மின்சாரம் நின்று வந்ததும் அத்தனையும் அழியும்.

வி-லேன் மட்டுமே கம்பி வளையத்தைத் தடுத்துவிடாது; கேட்டின் பரப்பைக் குறைக்கும். ஆனால் பெருவழிக் கம்பி எல்லா வீதிகளுக்கும் பொதுவாதலால், ஒரு வீதியின் பெருக்கு அதனையும் நெருக்கக்கூடும். ஆதலின் 1985இல் ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்த ‘ஸ்பேனிங் ட்ரீ’ என்னும் வளையத் தடுப்பு முறையையும் இயக்கி வைத்தல் வேண்டும்.

எண்ணால் ஆகிய வாயில்கள்

ரூட்டரில் போர்ட் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு கணிப்பொறிக்கு வரும் செய்தி எந்தப் பணிக்கு உரியது என்று காட்டும் எண்ணும் போர்ட் எனப்படும். இவ்வெண் 65535 வரை செல்லும். இணையப் பக்கத்துக்கு 80, மறைக்குறியீட்டுடன் செல்லும் பக்கத்துக்கு 443, அஞ்சல் அனுப்ப 25 என்பன மரபு. வெளியிலிருந்து ஒருவர் நம் கண்காணிப்புக் கேமராவைக் காண வேண்டுமென்று ரூட்டரில் ஓர் எண்ணைத் திறந்துவிட்டால், உரியவர்க்குத் திறந்த கதவு உலகத்தார் அனைவர்க்கும் திறந்த கதவாகிறது. 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல் இவ்வழியே பரவிற்று. 23ஆம் எண் வாயில் திறந்தும், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலும் இருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் அது கைப்பற்றியது. கருவி வந்தபோது இருந்த அமைப்பை அப்படியே விட்டதே அங்குக் குற்றம்.

தேனி தந்த சான்று

ஆலையில் அமைத்த அமைப்பு நம் மண்ணுக்குப் பொருந்தாதென்பதற்கு மதுரையை அடுத்தே ஒரு சான்று உண்டு. அது கம்பியில்லா வலையைப் பற்றியது; பாடம் ஒன்றே. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பின்னாளில் தேனியிலுள்ள தன் மருத்துவமனையோடு சுற்றூர்க் கண் மையங்களை இணைக்க முனைந்தது. ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம், அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களின் நோயாளிகள் அங்கிருந்தபடியே தேனி மருத்துவரைக் காணொளியில் காண வேண்டும் என்பது நோக்கம். பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய ஆய்வுக் குழுவினர் இதற்குத் துணைநின்றனர்.

இவ்வலைக்கு எடுத்துக்கொண்ட கருவி எளிய வை-ஃபை. ஓர் அறைக்கும் ஒரு கட்டடத்துக்கும் என வகுக்கப்பட்ட அதனைக் கோபுரங்களில் ஏற்றி, 15 கிலோமீட்டர் வரையிலான தொலைவைக் கடக்கச் செய்தனர். வை-ஃபையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்ற விடை வருதல் வேண்டும். 15 கிலோமீட்டர் சென்று திரும்ப ஒளிக்கே ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். ஆலை அமைப்பு அத்துணை நேரம் காத்திராது. செய்தி சேர்ந்திருந்தும் சேரவில்லை என்று கருதி மீண்டும் அனுப்பும். ஆகவே இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு நேரத்தைப் பகுத்து, விடைகளைத் தொகுத்து அனுப்பும் முறையைக் குழுவினர் வகுத்தனர். இம்முறை 2007இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் அவர்கள் கூறியதே நமக்கு இன்னும் பயனுடையது. சீரற்ற மின்சாரம் கருவிகளைக் கெடுத்ததையும், அவ்வூர்ப் பணியாளர்க்குப் பயிற்சி தந்தாலன்றி வலை நிலைத்திராது என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

நிறைவாக

கருவியை விலைக்கு வாங்கலாம். அதனை நம் இடத்துக்குப் பொருந்த அமைக்கும் அறிவை நாமே ஈட்டுதல் வேண்டும். அச்சேர்க்கை நாளுக்குப் பின் அக்கல்லூரியில் வலையைப் பகுத்து அமைத்தனர். நாம் அங்கு வலியுறுத்தியது மற்றொன்றும் உண்டு. எந்த வாயில் எந்த வீதிக்கு உரியது, எந்த எண் ஏன் திறந்துள்ளது என்பதை ஒரு குறிப்பேட்டில் நல்ல தமிழில் எழுதி அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். கடவுச்சொல் மட்டும் தனியே பூட்டில் இருத்தல் வேண்டும். அமைத்தவர் பணிமாறிச் செல்லும்போது அறிவும் அவரோடு சென்றுவிடலாகாது.

அக்குறிப்பேட்டை எழுதத் தமிழ் நன்கு அறிந்த ஒருவர் வேண்டும். அவர் இம்மலரைப் படிக்கும் மாணவருள் ஒருவராயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.