கப்பல் வந்தால் எழுந்து நிற்கும் பாலம்!

நடந்து போகிறவர்களுக்காகவே கட்டியது

கப்பல் வந்தால் பாலமே எழுந்து நின்று வழி விடும். நம்ப முடிகிறதா? இங்கிலாந்து நாட்டில் டைன் ஆற்றின் குறுக்கே இப்படி ஒரு அதிசயப் பாலத்தைக் கட்டி இருக்கிறார்கள்.

ஆற்றின் வடகரையில் நியூகாசில் நகரம். தென்கரையில் கேட்ஸ்ஹெட். இரண்டையும் இணைக்கும் இந்தப் பாலத்தில் பஸ், கார், லாரிக்கு இடம் இல்லை. நடந்து போகிறவர்களும் சைக்கிள்காரர்களும்தான் போகலாம்.

என்ன சிக்கல்?

இந்த ஆற்றில் பாலங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் 1928-ல் திறந்த டைன் பாலம் ரொம்ப உயரத்தில் போகிறது. அதைத் தாண்டிக் கடலை நோக்கிய பக்கத்தில், நகருக்குள் கரைமட்டத்திலேயே நடந்து கடக்க வழி இல்லாமல் இருந்தது.

தாழ்வாகப் பாலம் போட்டால் கப்பல் போக முடியாது. உயரமாகப் போட்டால் வயசானவர்கள் ஏற முடியாது. என்ன செய்வது? ஆள் ஏற வேண்டாம், பாலமே ஏறட்டும் என்று முடிவு கட்டினார்கள்!

தராசு மாதிரி

பாலத்தில் இரண்டு வளைவுகள். ஒன்று, தண்ணீருக்கு மேலே வில் போல் வளைந்து கிடக்கும் நடைபாதை. மற்றொன்று, 50 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் இரும்பு வளைவு. இரண்டையும் கம்பி வடங்கள் பிணைக்கின்றன.

கரைக்கு 3 வீதம் 6 ஹைட்ராலிக் தண்டுகள் தள்ளினால், 850 டன் பாலமும் ஒரேயடியாக 40 டிகிரி சாயும். தராசு மாதிரி இரும்பு வளைவு தாழ, நடைபாதை உயரும். அடியில் 25 மீட்டர் இடைவெளி கிடைக்கும். காற்று பலமாக இல்லாவிட்டால் 4½ நிமிடமே போதும்.

தூரத்தில் இருந்து பார்த்தால் கண் இமை அசைவது போல இருக்கும். அதனால் இதற்குக் 'கண் சிமிட்டும் பாலம்' என்றும் ஒரு பெயர் உண்டு.

பாலம் சாயும்போது, பாதையில் கிடக்கும் காலி டப்பாக்கள் தாமே உருண்டு போய் முனைகளில் உள்ள தொட்டிகளில் விழும்படி செய்திருக்கிறார்கள். பெருக்குகிற வேலையில் கொஞ்சம் மிச்சம்!

லாட்டரிப் பணம்

செலவு 2 கோடியே 20 லட்சம் பவுன். லாட்டரி மூலம் கிடைத்த பணமும் இதில் சேர்ந்தது.

2000-ம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி, ராட்சத மிதவை கிரேன் ஒன்று முழுப் பாலத்தையும் ஒரே தூக்காகத் தூக்கி வந்து ஆற்றில் வைத்தது. ஆயிரக்கணக்கானோர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

2001 செப்டம்பர் 17-ந் தேதி மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். 2002 மே 7-ந் தேதி எலிசபெத் ராணி முறைப்படி திறந்து வைத்தார். அதே ஆண்டில் கட்டிடக் கலைக்கான ஸ்டிர்லிங் பரிசும் கிடைத்தது. 2007-ல் வெளியான ஒரு பவுன் நாணயத்திலும் இந்தப் பாலத்தைப் பொறித்தார்கள்.

கார் போகாத பாலம். செருப்புக் காலோடு நடக்கிறவர்களுக்காக இத்தனை பணமும் மூளையும் செலவழித்தார்களே, அதுதான் பெரிய அதிசயம்!