போடி ரயிலும் புகைப்படப் பெட்டியும்

ரயில் வண்டியைப் புகைப்படம் எடுப்பவர்களைக் கண்டால் நம்மில் அநேகருக்குச் சிரிப்பு வருகிறது. "தினந்தோறும் வந்து போகும் வண்டியில் என்ன விசேஷம்?" என்று கேட்கிறோம். தினந்தோறும் வரும் வண்டி ஒரு நாள் வராமலே போய்விடலாம் என்பதைத் தேனி ஜில்லாவாசிகள் நன்கு அறிவார்கள்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் 90 கிலோமீட்டர் பாதை 1928-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இரும்பு தேவை என்று அந்நிய சர்க்கார் தண்டவாளங்களையே பெயர்த்துக்கொண்டு போயிற்று. சுதந்திரம் வந்த பிறகு, 1950-களிலேதான் வண்டி மறுபடி ஓடிற்று. பின்னர், அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவோடு மீட்டர் கேஜ் வண்டி நின்றது. 2022 மே மாதத்தில் தேனிக்கும், 2023 ஜூன் மாதத்தில் போடிக்கும் புதிய வண்டி வந்து சேர்ந்தது. வண்டி நின்ற ஆண்டில் தேனியில் பிறந்த குழந்தை, ஏழாம் வகுப்பை எட்டும் வயதில்தான் தன் ஊரில் ரயிலைக் கண்டது!

இதற்குள் நிலத்தின் தோற்றமும் மாறிவிட்டது. ஆண்டிபட்டிக் கணவாயில் அகன்ற வண்டிக்காகப் பாறையை மேலும் குடைந்தார்கள். கணவாயைத் தாண்டினால் காற்றாலைகள் சுழல்கின்றன. தேனியை நெருங்க நெருங்க, வயல்கள் வீட்டு மனைகளாகி வருகின்றன. பழைய வண்டியுடன் பழைய வயலையும் காட்டும் படம் ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால், அது வெறும் விளையாட்டுப் படமன்று. ஊரின் சரித்திர சாசனம்.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர், 1955 முதல் 1960 வரையில் ஒரு ரயில் பாதையின் கடைசி நீராவி வண்டிகளைப் படம் பிடித்தார். வண்டியோடு வீடுகளையும் மனிதர்களையும் சேர்த்து எடுத்ததனால்தான் அப்படங்கள் இன்றும் பேசுகின்றன.

நாமும் அவ்வாறே செய்யலாம். எஞ்சினை மட்டும் எடுக்காமல் சற்றுப் பின்வாங்கி, மரம், மலை, மனிதர் எல்லாம் தெரியும்படி எடுக்க வேண்டும். காலை வெயில் மேற்கு மலையின் முகத்தில் விழும். மாலையில் மலை இருண்ட நிழலாகிவிடும். ஆகையால் மலை துலங்கக் காலையே உகந்தது. ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில் நின்று எடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து வைப்பது அவசியம். பிளாட்பாரத்திலோ, கேட்டுக்கு வெளியிலோ நின்று எடுக்க வேண்டுமேயன்றித் தண்டவாளத்தில் கால் வைக்கலாகாது. எந்தப் படமும் உயிருக்கு ஈடாகாது.

இன்னொரு காரியமும் உண்டு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு இன்றும் ரயில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக லோயர்கேம்ப் வரையில் பாதை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் நெடுநாளைய கோரிக்கை. 1928-க்கு முந்திய போடிப் பாதையின் நிலத்தைக் காட்டும் படம் நம்முள் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? பெரியாற்று நீர் பாயும் கம்பத்து நெல் வயல்களையும், திராட்சைப் பந்தல்களையும் இப்போதே படம் பிடித்து வைப்போம். ரயில் வரும் நாளில், அது எந்த நிலத்தின் வழியே வந்தது என்பதை நம் பேரக் குழந்தைகள் கண்ணால் காணட்டும்.