கீரை கறிச்சட்டிக்கு, கண்ணுக்குள் அல்ல!

வன்னியில் மாரி மழை பெய்துவிட்டால் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் பொன்னாங்காணி படர்ந்துவிடும். வேலியிலே முருங்கையும் அகத்தியும் நிற்கும். கண்ணுக்கு வேண்டிய சத்து வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது, சகோதரிகளே! அதைப் பயன்படுத்தும் முறையில்தான் நன்மையும் ஆபத்தும் இருக்கின்றன.

சமைக்கும் முறை

கரும்பச்சை இலைகளில் உள்ள பீட்டா கரோட்டினை நமது உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இந்தச் சத்துக் குறைந்தால் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வரும். முற்றினால் கருவிழி கெட்டுப் பார்வையே போகலாம். கொழுப்புடன் சேர்ந்தால்தான் இச்சத்து உடலில் நன்கு சேரும். ஆகவே முருங்கையிலையைத் தேங்காய்ப்பாலில் ஆக்குங்கள். பொன்னாங்காணிச் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூப் போடுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்க விடாமல் சம்பலாக அரைத்துக் கொடுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் கீரையை அவித்து, சோற்றுடன் மசித்து ஊட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

கிருமிநாசினி தெளித்த வயல் வரம்பிலும் கழிவு வாய்க்காலிலும் கீரை பறிக்காதீர்கள். எங்கே பறித்தாலும் பலமுறை அலசுங்கள். சிறுநீரக நோயாளருக்குக் கீரையிலுள்ள பொற்றாசியம் கேடு செய்யலாம். வவுனியாப் பகுதியில் இந்நோய் உள்ள குடும்பங்கள் வைத்தியரிடம் அளவு கேட்டறிவது நல்லது. இரத்தம் உறையாதிருக்க வாபரின் குளிசை எடுப்பவர்களும் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

கண்ணில் விடாதீர்கள்

இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் அறுவடை நடக்கும் நாட்களில் நெல் உமியோ தாளோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறுவதுண்டு. உடனே நந்தியாவட்டைச் சாறு, மல்லித் தண்ணீர், தாய்ப்பால் என்று கண்ணில் விடுகிறார்கள். இவற்றோடு கிருமிகளும் உள்ளே போகும். கீறிய இடத்தில் பூஞ்சணம் பிடித்துப் புண்ணாகும். ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைக்கும். கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் ஆபத்தானதே; ஸ்டீரொயிட் கலந்த மருந்து பூஞ்சணப் புண்ணை இன்னும் மோசமாக்கும்.

அப்படி நேர்ந்தால் கண்ணைக் கசக்க விடாமல், சுத்தமான நீரால் கழுவி, அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

வெண்புரை, கண் அழுத்தம் ஆகியவற்றைக் கீரை குணமாக்காது. சிவப்பு, வலி, திடீர் மங்கல், பிள்ளை இருட்டில் தடுமாறுவது ஆகியவற்றைக் கண்டால் கைமருந்து பார்த்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.