வட்டில்லாக் கணிப்பொறி பாதியில் நின்றது ஏன்?

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து நான் சென்றுவரும் கல்லூரியில், செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், வட்டில்லாக் கணிப்பொறிகள் அனைத்தும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. இவை முகவரியையும் இயக்கக் கோப்பையும் தலைமைக் கணிப்பொறியிடமிருந்து கம்பிவழியே கேட்டுப் பெறுபவை. முகவரியே வராவிட்டால் கம்பியையோ டி.எச்.சி.பி. பணியையோ சந்தேகிக்கலாம். இங்கு முகவரி வந்துவிட்டது. கோப்புதான் பாதியில் நின்றது.

1981-இல் வரையறுக்கப்பட்ட டி.எஃப்.டி.பி. முறை, கோப்பை 512 பைட் துண்டுகளாக எண்ணிட்டு அனுப்புகிறது. எண்ணுக்கு 16 பிட்டுகளே இடம், 65,535-ஐத் தாண்டாது. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 32 மெகாபைட்! அன்று காலை நான் புதுப்பித்த கோப்போ 41. (சில மென்பொருள்கள் எண்ணை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிச் சமாளிக்கும், எங்களுடையதற்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.)

இரு முனைகளும் இசைந்தால் துண்டின் அளவைக் கூட்டலாம் என்ற ஏற்பாடு 1995-இல் வந்தது. 1,468 பைட் ஆக்கினேன்; வரம்பு 90 மெகாபைட்டைத் தாண்டியது. இரவு எட்டரைக்கு முதல் திரை ஒளிர்ந்தது.